கப்பலில் இரண்டாம் பந்தி

ஜனவரி 11, வியாழன். தூத்துக்குடி

மகன் ராஜவேல் சிங்கப்பூரிலிருந்து போன் செய்தான். எனக்கும் என் மனைவி தங்கபுஷ்பத்துக்கும் உல்லாசக் கப்பலில் இடம் போட்டுவிட்டானாம். சிங்கப்பூரில் ஏறி, மலேசியா, தாய்லாந்து பக்கம் போய், ஐந்து ராத்திரி கழித்துத் திரும்பவும் அங்கேயே இறக்கிவிடுவார்கள். துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் உட்கார்ந்து, வேலைக்காலம் முழுக்க ஊர் பேர் தெரியாத கப்பல்களின் சரக்குக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவன் நான். ஒன்றில்கூட ஏறிப் பயணம் போனதில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் போனில் "எதுக்குடா இந்த வீண் செலவு" என்றுதான் சொன்னேன்.

சாயங்காலம் கப்பல் கம்பெனியின் படிவம் வந்தது. ஆளுக்கொரு பக்கம். சைவமா அசைவமா, எது ஒத்துக்கொள்ளாது, எது பிடிக்கும் என்று குடைந்து குடைந்து கேட்டிருந்தார்கள். என் பக்கத்தை விளக்கமாக நிரப்பினேன். அவளுடையதற்கு, "ஏட்டி, உனக்கு என்ன பிடிக்கும்னு கேக்கான்" என்று சத்தம் கொடுத்தேன். "என்னத்தையாவது போடுங்க, அடுப்புல கெடக்கு" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. எனக்குப் பிடித்ததையே அவளுக்கும் போட்டுவிட்டேன்.

கடைசிக் கேள்விதான் என்னை அசத்தியது. இராத்திரிச் சாப்பாடு இரண்டு பந்தியாம். முதல் பந்தி ஆறு மணி, இரண்டாம் பந்தி எட்டரை. வெள்ளைக்காரனும் பந்தி பிரித்துத்தான் சாப்பிடுகிறான் என்பது எனக்கு இத்தனை நாள் தெரியாது. எனக்கு முதல் பந்தி, அவளுக்கு இரண்டாவது என்று போட்டேன். இதில் யோசிக்க ஒன்றுமில்லை, எங்கள் வீட்டு வழக்கமே அதுதான். அம்மா, தம்பிகள், ஆபீஸ் பையன்கள் என்று கூட்டம் இருந்த காலத்திலும் சரி, நாங்கள் இரண்டே பேர் மிஞ்சிய இப்போதும் சரி, நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள்.

ஜனவரி 12, வெள்ளி

கப்பலுக்கென்று பருப்புப் பொடி வறுக்கத் தொடங்கிவிட்டாள். வீடு முழுக்கத் தும்மல்.

ஜனவரி 27, சனி

கோட்டு தைக்கக் கொடுத்தேன். கப்பலில் ஒரு ராத்திரி கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமாம். மற்ற நாட்களில் காலர் வைத்த சட்டையும் முழுக்கால் சட்டையும் போதும். மருமகள் நிவேதா எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பியிருக்கிறாள். சாப்பிடுவதற்குக் கோட்டு எதற்கு என்று டெய்லர் கேட்டார். சாம்பார் சிந்தினால் சட்டை தப்பிக்கும் என்றேன்.

புஷ்பம் பீரோவைத் திறந்து கட்டிலெல்லாம் புடவையாகப் பரப்பி வைத்திருக்கிறாள். ஐந்து ராத்திரிக்கு ஐந்து புடவை. அதற்கு மேல் எடுக்கவில்லை. எந்தப் புடவைக்கு எந்த ரவிக்கை, எதற்குக் கல் வளையல், எதற்குக் கண்ணாடி வளையல் என்று தனித்தனிப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டாள். எனக்குத் தெரியாமல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பட்டு வாங்கியிருக்கிறாள். எப்போது வாங்கினாய் என்றேன். "மேலூர் போயிருந்தப்ப" என்றாள். மேலூருக்கு எப்போது போனாள் என்பதும் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 14, புதன். சிங்கப்பூர்

நிவேதா கப்பல் தாள்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் வேற வேற சிட்டிங் போட்டிருக்கீங்க!"

"ஆமாம்மா. அத்தை எனக்கப்புறம்தான சாப்பிடுவா."

"அங்க அத்தை யாருக்குப் பரிமாறப் போறாங்க மாமா? வெயிட்டர் கொண்டுவந்து வைப்பாரு. நீங்க ஒரு டேபிள்ல தனியா, அத்தை வேற டேபிள்ல யார் யாரோடயோ!"

இதைப் படிவத்திலேயே தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். கேட்டவன் ஒழுங்காகக் கேட்டால் சொல்கிறவன் ஒழுங்காகச் சொல்வான். ராஜவேல் கம்பெனிக்குப் போன் போட்டான். இரண்டு பந்தியும் நிரம்பிவிட்டதாம், கப்பலில் ஏறிய பிறகு கேட்டுப் பாருங்கள் என்றுவிட்டார்கள். பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது. புஷ்பம்தான், "விடுங்கடே. எனக்குப் பழகுனதுதான" என்று சிரித்தாள்.

வீட்டில் செய்த பொடி, ஊறுகாய் எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்களாம். பொடி டப்பா நிவேதாவின் அலமாரிக்குப் போய்விட்டது. ஐந்து நாளை எப்படித் தள்ளுவது என்று நான்தான் புலம்பினேன். அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு. கப்பல்

இது கப்பலே இல்லை, ஒரு ஊர். லிப்ட் இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, தண்ணீர் நடுவில் நீச்சல்குளம் வேறு. நான் பார்த்த சரக்குக் கப்பல்கள் எல்லாம் இதன் முன் மாட்டு வண்டிதான். இத்தனை ஆயிரம் பேருக்கு அரிசி, மீன், காய், ஐஸ் என்று எப்படி ஏற்றினார்கள், எங்கே வைத்தார்கள், எந்த மீன் எந்த நாளில் வெளியே வரும் என்று யார் கணக்கு வைத்திருப்பார்கள் என்று நினைத்து நினைத்துப் பிரமித்தேன். அந்த ஆளை ஒரு முறை பார்த்துக் கும்பிட வேண்டும்.

சாயங்காலம் அவமானம். கப்பல் என்றால் அரைக்கால் சட்டைதான் என்று நானே முடிவு செய்து, சிங்கப்பூரில் புதிதாக ஒன்று வாங்கியிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு முதல் பந்திக்குப் போனேன். வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட பையன் குனிந்து வணங்கி, என் முழங்காலைப் பார்த்து, "சார், லாங் ட்ரௌசர்ஸ் ப்ளீஸ்" என்றான். இத்தனை மரியாதையாக என்னை யாரும் துரத்தியதில்லை. கோபத்தில் மேல்தளத்துக்குப் போய், நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் இடத்தில் நூடுல்ஸைத் தின்றுவிட்டு வந்து படுத்துவிட்டேன். நிவேதா எழுதிக் கொடுத்ததில் இது இருந்தது. இருந்தால் என்ன, ஜனவரியில் படித்தது மறந்துபோயிற்று, திரும்பப் பார்க்கக் கண்ணாடி பெட்டியில் இருந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

காலையில் இருவரும் மேல்தளத்தில் சாப்பிட்டோம். பந்தி பேதமில்லாத இடம் அது ஒன்றுதான். புஷ்பம் வழக்கம்போல் என்னை நன்றாகக் கவனித்துக்கொண்டாள். இட்லி மாதிரி ஒன்று இருந்தது, அதைத் தேடி எடுத்து வந்தாள். சட்னிக்கு ஒரு நடை, தண்ணீருக்கு ஒரு நடை, எனக்குச் சர்க்கரை போடாத காப்பிக்கு ஒரு நடை. நான் முடித்த பிறகு தன் தட்டை இழுத்தாள். அவளுடைய முட்டை விறைத்துப் போயிருந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை, நான்தான் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ராத்திரி என்ன சாப்பிட்ட?" என்றேன்.

"மீனு. எல்லாம் சூடா வந்துச்சுங்க."

"என்ன மீன்?"

"பேரு தெரியல. சூப்பு சூடா வந்துச்சு, மீனு சூடா வந்துச்சு. தட்டு கூடச் சூடா இருந்துச்சு. தட்டைச் சூடு பண்ணி வைக்கானுவ!"

சாப்பாடு சூடாகத்தானே இருக்கும், இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டேன். அவள் முட்டையைத் தின்றாள்.

இன்று முழுக்கால் சட்டையோடு முதல் பந்தியில் அமர்ந்தேன். எனக்கு வாய்த்தவர்கள் ஒரு கொரியத் தம்பதி. சாப்பாட்டைப் படம் பிடித்தார்கள், ஒருவரை ஒருவர் படம் பிடித்தார்கள், என்னையும் ஒரு படம் பிடித்துவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்கள். நான்காவது நாற்காலி காலி. மனசு உறுத்தியது. உப்புக் குப்பி தூரத்தில் இருந்தது, எட்டி எடுக்க எழுந்திருக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி 20, செவ்வாய்

நாளைக்கு என்ன உடை என்று முந்தின நாளே அறைக்கு ஒரு தாள் வந்துவிடுகிறது. இன்றைக்கான உத்தரவு: எல்லாரும் வெள்ளை. எனக்குச் சுருக்கென்றது. நான் கல்லுக்குண்டு மாதிரி உட்கார்ந்திருக்கும்போது என் மனைவி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் போவதா? அவளை இன்றைக்குப் பச்சையே கட்டச் சொன்னேன்.

"கப்பல்காரன் ஆசையா சொல்லுதான், எதுக்குக் கெடுக்கணும்?" என்று சந்தன வெள்ளையில் அரக்குக் கரை போட்ட பருத்திப் புடவையை எடுத்தாள். கண்ணாடி வளையல்கள் இரண்டு கையிலும் சிவப்பு. நெற்றியில் காலணா அளவுக்குக் குங்குமம். இந்தத் தாளை அவள் ஜனவரியிலேயே எப்படி எதிர்பார்த்தாள் என்று கேட்டேன். நிவேதா எழுதி அனுப்பியதை அவள் ஒழுங்காகப் படித்தாளாம். கப்பல்காரன் சொல்லும் கெட்டுவிடவில்லை, எங்கள் வழக்கமும் கெட்டுவிடவில்லை. எனக்கு இந்த யோசனை பிறந்திருக்காது.

நான் வேட்டி கட்டிக்கொண்டேன். வாசல் பையன் கணுக்கால்வரை பார்த்துவிட்டு, "வெரி எலிகன்ட், சார்" என்றான். பழைய கணக்கு நேராகிவிட்டது.

சாப்பிட்டு முடித்த பிறகு அறைக்குப் போகத் தோன்றவில்லை. சாப்பாட்டு மண்டபத்துக்கு மேலே வளைவாக ஒரு மாடிப்படி இருக்கிறது. அங்கே நின்றால் கீழே எல்லா மேசையும் தெரியும். காற்றாட நின்றேன். இரண்டாம் பந்தி கூடிற்று. புஷ்பம் வந்தாள்.

அவளை நான் இப்படிப் பார்த்ததில்லை. முதுகு நிமிர்ந்து நடந்து வந்தாள். வெயிட்டர் நாற்காலியை இழுத்துப் பிடித்தான், இவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அது அங்கே இருக்கும் என்று தெரிந்தவள்போல் உட்கார்ந்தாள். மேசையில் ஆறேழு பேர். எல்லா முகமும் இவள் பக்கம் திரும்பிற்று. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஏதோ கேட்டார், இவள் கையை விரித்து ஏதோ சொன்னாள், மேசையே சிரித்தது. இவளும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொள்ளாமல். என்ன பாஷையில் சொல்லியிருப்பாள்? இவளுக்கு இங்கிலீஷ் நாலு வார்த்தைதான் தெரியும். நாலு வார்த்தையில் ஆறேழு பேரைச் சிரிக்க வைக்க எனக்கு வராது.

தட்டு வந்தது. குனிந்து அதன் ஆவியை முகத்தில் வாங்கினாள். அவசரமே இல்லை. ஒரு வாய் சாப்பிட்டாள், கையை மடியில் வைத்துக்கொண்டாள், மென்றாள், யாரோ பேசுவதைக் கேட்டாள், பிறகு அடுத்த வாய். இவள் இத்தனை மெதுவாகச் சாப்பிடுகிறவள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் நான் கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து செய்தி முடிவதற்குள் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுவிடும்.

படியில் நிற்பவர்கள் வழியை மறைக்க வேண்டாம் என்று ஒருவன் வந்து சொன்னான். போய்விட்டேன்.

பிப்ரவரி 21, புதன்

லிப்டில் ஒரு அம்மாள் தமிழில் வணக்கம் சொன்னார். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த லோகநாயகி, ஓய்வு பெற்ற டீச்சர், புஷ்பத்தின் மேசைக்காரர். புஷ்பம் என்னை அவருக்கு, "எங்க வீட்டுக்காரவிய" என்று அறிமுகம் செய்தாள்.

"ஐயோ, இவங்களா? மன்னிச்சிருங்க அண்ணே. அக்கா தினம் தனியா வர்றாங்களா, நாங்க... நீங்க இல்லைன்னே நெனச்சிட்டோம் லா. நேத்து வெள்ளைச் சேலை வேறயா. பொட்டைப் பார்த்துட்டுதான் குழம்பிப் போனோம்."

அவர் சிரித்தார், புஷ்பமும் சிரித்தாள். நான் எந்த மாடி என்றுகூடப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். கோபம் என்று எழுதலாம். கோபம் இல்லை, வயிறு காலியான மாதிரி இருந்தது.

நேராகச் சாப்பாட்டு மண்டப அதிகாரியிடம் போனேன். என்னை இரண்டாம் பந்திக்கு மாற்றுங்கள் என்றேன். இடமே இல்லை என்றார். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் மேசையில் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதே, மேடத்தை முதல் பந்திக்கு மாற்றித் தரலாம்" என்றார். நாளை ராத்திரிதான் கோட்டு டை விருந்து. இதை விட என்ன வேண்டும்? சரி என்று சொல்லிவிட்டு, வெற்றியோடு புஷ்பத்தைத் தேடிப் போனேன்.

மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். நாளை ராத்திரி நாம் சேர்ந்தே சாப்பிடலாம், எல்லாம் முடித்துவிட்டு வந்தேன் என்றேன்.

அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்காமல், "நான் வரலைங்க" என்றாள்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். இவள் வாயில் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை.

"ஏன், அந்த டீச்சரு சொன்னதுக்கா?"

"அவிய சொன்னதுக்கு இல்ல. நான் ரெண்டாம் பந்தியிலயே இருந்துக்கிடுதேன்."

"புருசனும் பொண்டாட்டியும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுததுல உனக்கு என்ன கஷ்டம்?"

"உங்க கூட உக்காந்தா எனக்குச் சாப்பிட வராது." குரலை உயர்த்தவில்லை, விலை சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள். "உங்க தட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன். ரசம் வேணுமோ, தண்ணி வேணுமோன்னு என் கை சும்மா இருக்காது. முந்தாநாள் காலையில பாத்தியள்லா? எத்தனை தடவை எந்திரிச்சேன்? நீங்க என்னைய எந்திரின்னு சொல்லல. நானாத்தான் எந்திரிக்கேன். அது போகாது, போங்க. இன்னும் ரெண்டு ராத்திரிதான். சூடா சாப்பிட்டுட்டு வாரேன்."

நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடல் ரொம்ப நன்றாக இருந்தது. கீழே போய் அதிகாரியிடம் மாற்ற வேண்டாம் என்றேன். "மேடத்துக்குச் சம்மதமில்லையா?" என்று கேட்டார். அது எங்கள் குடும்ப விஷயம் என்றேன்.

முதல் பந்தியில் ஆட்டுக்கறி. கொரியர்கள் படம் பிடித்தார்கள்.

பிப்ரவரி 22, வியாழன்

காலையில் மேல்தளத்தில் என் தட்டை நானே எடுத்து வந்தேன். தட்டில் எல்லாம் தப்பாக வந்துவிட்டது, மீன் பக்கத்தில் ஜாம். அவள் பார்த்துச் சிரித்தாள். எழுந்திருக்கப் போனாள், பிறகு உட்கார்ந்துகொண்டாள். அதற்கு அவள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி.

மத்தியானம் சோபாவில் சாய்ந்திருந்தேன். புஷ்பம் வந்து எதிரில் நின்றாள்.

"இன்னிக்கு எங்க பந்திக்கு வாரியளா?"

"இடம் இல்லன்னுட்டானே."

"நான் அந்த மேசைப் பையன்ட்ட கேட்டேன். ஒரு நாற்காலி சேத்துப் போடுதேன்னுட்டான். லோகா டீச்சரு, மத்தவிய எல்லாம் சரின்னுட்டாவ."

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டி முடியாது என்றதை இவள் கேட்டதும் ஒரு பையன் முடித்துக் கொடுக்கிறான். இந்தக் கப்பலில் யாருக்கு மரியாதை என்று எனக்கு அப்போது விளங்கிற்று.

"ஒண்ணு மட்டும்" என்றாள். "பக்கத்துல இல்ல. எதிர உக்காரணும். நான் உங்களைக் கவனிக்க மாட்டேன். நீங்க கோச்சுக்கப்பிடாது."

"எனக்கு என்ன கோவம்" என்றேன்.

ஆறு மணிப் பந்திக்குப் போகவில்லை. பசித்தது. கோட்டைப் போட்டேன், டையை மூன்று தடவை கட்டினேன், மூன்று தடவையும் நாக்கு மாதிரி தொங்கியது. அவள் திருத்த வரவில்லை, குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். கதவு திறந்தது. கத்தரிப்பூப் பட்டு. மெல்லிய சரிகை, கல் வளையல், காதில் அதே பழைய தோடு. தலையில் பூ இல்லை, கப்பலில் ஏது பூ? கொண்டையைத் தாழ்த்திப் போட்டிருந்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை.

"நல்லாருக்கா?" என்றாள்.

"பரவால்ல" என்றேன். இங்கே சரியாக எழுதிவிடுகிறேன். நடைபாதையில் எதிரே வந்த அத்தனை நீண்ட கவுன்களிலும் இவளுக்குச் சமமாக ஒன்றும் இல்லை. நான் இரண்டடி பின்னால்தான் நடந்தேன், பார்ப்பதற்கு அதுதான் வசதி.

மேசையில் எல்லாரும் எழுந்து கைகொடுத்தார்கள். "இவிய எங்க வீட்டுக்காரவிய" என்று தமிழிலேயே சொன்னாள், எல்லாருக்கும் புரிந்தது. வெள்ளைக்காரக் கிழவர், மேடம் இத்தனை நாள் உங்களை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று கேட்டார். முதல் பந்தியில் என்றேன். சிரித்தார்கள். எனக்கும் ஒரு சிரிப்பு கிடைத்தது.

சூப்பு வந்தது. அவளுக்குத்தான் முதலில் வைத்தார்கள், பிறகு மற்றப் பெண்களுக்கு, கடைசியில் ஆண்களுக்கு. இது இங்கே வழக்கமாம். அவள் குனிந்து ஆவியை முகத்தில் வாங்கினாள். அன்றைக்கு மாடிப்படியிலிருந்து பார்த்தபோது அவள் கண்களை மூடிக்கொள்வது தெரியவில்லை.

நான் ஒரு கரண்டி குடித்தேன். உப்பே இல்லை. என் கண் உப்புக் குப்பியைத் தேடியது, அது அவள் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. தலையை நிமிர்த்தினேன். அவள் பார்த்துவிட்டாள். எப்படித்தான் தெரியுமோ, கரண்டியை வைத்துவிட்டாள், கை உப்புக் குப்பியை நோக்கிக் கிளம்பிவிட்டது, நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள்.

வேண்டாம் என்று தலையாட்டினேன். "சரியா இருக்கு. நீ குடி, ஆறிரும்" என்றேன்.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். நான் நம்பும்படியாக இன்னொரு கரண்டி குடித்துக் காட்டினேன். உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். லோகநாயகி டீச்சர் ஏதோ சொல்ல, அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள், அதற்குப் பிறகு என் தட்டைப் பார்க்கவே இல்லை.

சப்பென்ற சூப்பை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.